யாருடைய ஆள்?

சென்ற மாசியில் ஒரு நண்பரின் வீட்டு விசேஷத்துக்காகக் காட்டூருக்குப் போயிருந்தேன். மீஞ்சூர்ப் பக்கமிருந்து போகும் சாலையில், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஊர்களில் ஒன்று அது. சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் பிளாஸ்டிக் உறையிட்ட கோப்பு ஒன்றுடன் வந்து நின்றார். நான் ஒரு காலத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவியில் இருந்தவன் என்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு கடிதம் வேண்டும். கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து சான்றிதழோ, தெரிந்த பெரியவர் யாரேனும் கொடுத்த கடிதமோ கேட்கிறார்கள்.

கோப்பைப் புரட்டினேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஐ.டி.ஐ. சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார். அவற்றுக்குப் பின்னால் காலாவதியான நான்கு நுழைவு அட்டைகள். நான்கிலும் கம்பெனிப் பெயர் வேறு வேறு. நான்கிலும் முகம் ஒன்று. ஆறாண்டுகள் அவர் ஒரே இடத்தில், ஒரே கேட்டுக்குள் போய், ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார். ஒப்பந்தக்காரரின் பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி ஒப்பந்தக்காரரிடம் சான்றிதழ் கேட்டபோது, “நீ எங்க கம்பெனிக்கு வந்து எட்டு மாசம்தானே ஆச்சு” என்றாராம். முந்தையவருக்குப் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

“அப்ப யார்டுல என்னதான் கேட்டாங்க தம்பி?”

“யாரோட ஆளுன்னு கேட்டாங்க சார்.”

நான் எழுதிக் கொடுத்தேன். ‘இவரை எனக்கு ஐந்து ஆண்டுகளாகத் தெரியும். நன்னடத்தை உள்ளவர். எனக்கு உறவினர் அல்லர்.’ மூன்று வாக்கியங்களில் கடைசி ஒன்று மட்டுமே உண்மை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது. அவரை எனக்கு ஐந்து நிமிடங்களாகத்தான் தெரியும். பதவியிலிருந்த காலத்திலும் இதைத்தான் செய்தேன். வாசலில் நிற்கும் முகத்தை நிமிர்ந்தும் பாராமல் எத்தனை நூறு நன்னடத்தைச் சான்றிதழ்களில் பச்சை மையைத் தெளித்தேனோ, கணக்கில்லை. ஆகவே பின்வரும் பழிகளில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிற்க. இதை எழுதத் தூண்டியது காட்டூர் மட்டுமல்ல. அங்கிருந்து திரும்பிய சில நாட்களில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அயல்நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்த அன்பர் ஒருவர் பேசினார். ஜெர்மனியில் ஒருவன் வேலையை விட்டால் முதலாளி ஒரு பக்கத்துக்குச் சான்று எழுதித் தரவேண்டும், அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் உண்டு. இங்கிலாந்தில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் தவிர எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் நம் மண்ணில் ஒரு பெரியவர் வாய்திறந்து ‘நம்ம பையன்தான்’ என்றால் போதும், அதுதான் நம் பண்பாடு, காகிதத்தை நம்புகிறவன் மனிதனை நம்பாதவன் என்றார். அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பலர் தத்தம் பிள்ளைகளை ‘நம்ம பையன்தான்’ என்ற சொல்லின் பலத்தில் எங்கோ ஓரிடத்தில் உட்காரவைத்தவர்கள் என்பது என் ஊகம். கெட்ட எண்ணம் கொண்ட ஊகமாகவே இருக்கட்டும்.

அவர் சொன்ன தகவல்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பிழை.

ஜெர்மானியச் சான்றை எடுத்துக்கொள்வோம். 1900இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு உரிமையியல் சட்டத்திலேயே வேலையாளின் சான்றுரிமை இருந்தது. 2003 முதல் தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும். சான்று உண்மையாக இருக்கவேண்டும். அதே சமயம் வேலையாளின் எதிர்காலத்தைக் கெடுக்காத நல்லெண்ணத்துடனும் இருக்கவேண்டும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்தின. உண்மையும் நல்லெண்ணமும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தவேண்டுமென்றால் என்ன ஆகும்? ஒரு தனிமொழி பிறக்கும். ‘எங்களுக்கு எப்போதும் மிக முழுமையான திருப்தி அளிக்கும் வகையில் பணியாற்றினார்’ என்றால் முதல் தரம். ‘எப்போதும்’ போனால் ஒரு படி இறக்கம். ‘முழுமையான’ என்பதும் போய் வெறும் திருப்தி என்றால், தேறினார் என்ற அளவுதான். ‘முயற்சி செய்தார்’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்று பொருள். ‘கலகலப்பாகப் பழகுபவர்’ என்பதற்குக் குடிப்பவர் என்று வாசிக்கும் வழக்கமும் உண்டு. நம் உரையாசிரியர்களிடம் கொடுத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

இத்தனைக்கும், வெளிப்படையாகத் தெரிவதல்லாத வேறொரு பொருளை உணர்த்தும் குறிப்புகள் சான்றில் இருக்கக்கூடாது என்று அதே 109ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. தடுத்தும் அந்த மொழி வாழ்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். நமது அன்பரும் சிரித்தார். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த மொழியை வேலையாளும் படிக்க முடியும். அதற்கு அகராதி போன்ற புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன. ஒரு சொல் பிடிக்காவிட்டால் அவன் வழக்குப் போடலாம், போடுகிறார்கள். ‘முழுத் திருப்தி’ என்பது நடுத்தர மதிப்பீடா, அதற்கு மேற்பட்டது வேண்டுமென்றால் அதை நிரூபிக்கவேண்டியது யார் என்ற கேள்வி அந்நாட்டின் தலைமைத் தொழிலாளர் நீதிமன்றம் வரை போய், நடுத்தரமே, நிரூபிக்கவேண்டியவர் தொழிலாளியே என்று 2014இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு தொழிலாளிக்குச் சாதகமாக அமையவில்லை என்பது வேறு. ஓர் அடைமொழிக்கான வழக்கு நாட்டின் உச்ச மன்றம் வரை போக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். நம்மூரில் அந்தப் பெரியவர் தொலைபேசியில் ‘பையன் கொஞ்சம் அப்படி இப்படி’ என்று சொன்னால், அந்த ‘அப்படி இப்படி’க்கு மேல்முறையீடு எங்கே செய்வது? அது சொல்லப்பட்டது என்பதே பையனுக்குத் தெரியாது. அழைப்பு வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

இங்கிலாந்தின் மௌனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அங்கே நெடுங்காலம், சான்று கொடுக்கவேண்டிய சட்டக் கடமை முதலாளிக்குப் பொதுவாகக் கிடையாது என்பதே வழக்கம். ஆனால் வேலைக்காரர்களுக்குப் பொய்ச் சான்று கொடுப்பதைக் குற்றமாக்கி 1792இலேயே ஒரு சட்டம் செய்திருந்தார்கள். வெள்ளித் தட்டுகள் களவுபோகும் கவலை. வேலைக்காரன் பட்டினி கிடக்கலாம், எஜமான் ஏமாறக்கூடாது. அந்த ஊர் துரைமார்தான் சென்னைக்கும் வந்தார்கள். பட்லர்களும் ஆயாக்களும் ‘கேரக்டர்’ என்ற பெயரில் காகிதக் கட்டுகளைச் சுமந்து பங்களா பங்களாவாக ஏறி இறங்கினார்கள். படிக்கத் தெரியாதவன் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றறியாமலே நீட்டிய காகிதம் அது. இரவல் கேரக்டர், எழுதி வாங்கிய கேரக்டர் எல்லாம் புழங்கின. அந்தக் காலத்துத் துரைசானிகளின் நினைவுக்குறிப்புகளில் இதைப் பற்றிய கேலிக்குக் குறைவில்லை. நான் அந்த இரவல் காகிதக்காரர்கள் பக்கம் நிற்கிறேன். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே சுமந்து போகச் சொன்னால் எவனும் அதைத் திருத்தத்தான் பார்ப்பான்.

பிறகு 1994இல் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டு முகவர் ஒருவர். பழைய கம்பெனி எழுதிய மோசமான சான்றால் வேறெங்கும் வேலை கிடைக்காமல் போனவர். கவனக்குறைவாகச் சான்றெழுதி ஒருவனின் பிழைப்பைக் கெடுத்தால் முதலாளி பொறுப்பு என்று சட்டப் பிரபுக்கள் முடிவு செய்தார்கள். தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் கம்பெனிகள் அதிலிருந்து கற்ற பாடம் எழுதும்போது கவனமாக இருப்பது அல்ல, எழுதாமலே இருப்பது. பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள். அவ்வளவே. அமெரிக்காவிலும் அவதூறு வழக்குக்கு அஞ்சி இதே வழக்கம் பரவியது. இதை ஆங்கிலேயரின் இயல்பான ஒதுக்கம், தனிமனித அந்தரங்கத்தின் மேல் அவர்களுக்குள்ள மரியாதை என்றெல்லாம் நமது அன்பர் வியாக்கியானம் செய்தார். வக்கீல் கட்டணத்தின் மேலுள்ள மரியாதை என்றிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

என் வாதம் இதுதான். முதலாளி தன் பழைய ஆளைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பதைப் பண்பாடு என்று பெயரிட்டு வழிபடுவதற்கு முன், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கவேண்டும். ஜெர்மானியர் சான்றில் உள்ள சொல்லுக்காக வழக்கு வரும் என்று பயப்பட்டார், குழூஉக்குறி பிறந்தது. ஆங்கிலேயர் சொல்லிவிட்டால் வழக்கு வரும் என்று பயப்பட்டார், மௌனம் பிறந்தது. நம் ஒப்பந்தக்காரர் எதற்குப் பயப்படுகிறார்?

அந்த இளைஞர் தன்னிடம் வேலை செய்தார் என்பதையே ஒப்புக்கொள்ளப் பயப்படுகிறார்.

1946ஆம் ஆண்டின் நிலையாணை விதிகளோடு இணைத்து ஒரு மாதிரி நிலையாணையை வெளியிட்டிருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் வேலையிலிருந்து நீங்கும்போது பணிச் சான்று பெற உரிமையுள்ளவர் என்று அதில் ஒரு பிரிவு. ‘நிரந்தர’ என்ற சொல்லைக் கோடிட்டு வாசிக்கவேண்டும். அப்புறம், 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது: 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் ‘இவர் இந்த இடத்தில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை வேலை செய்தார்’ என்ற ஒரு தாள் இருந்தால் அது அடுத்த வேலைக்கான சான்று மட்டுமல்ல, இந்த வேலையில் நிரந்தரம் கேட்பதற்கான சாட்சியமும் கூட. ஆகவே தாள் கிடையாது. ஆகவே நான்கு அட்டைகளில் நான்கு பெயர்கள். ‘நம்ம ஊர்ல எதுக்குப்பா காகிதம், போன் பண்ணா சொல்லிடறேன்’ என்று ஒப்பந்தக்காரர் அன்பொழுகச் சொல்வது வாய்ச்சொல்லின் மாண்பு அல்ல. தடயம் வைக்காத கைவேலை.

இந்தக் கரைக்கு இது புதிய அனுபவம். வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, நிலமும் கடற்கரையும் கொடுத்தவர்களுக்கு வேலை என்ற பேச்சும் கூடவே வந்தது. காட்டுப்பள்ளி மீனவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே வைக்கப்பட்டிருப்பதை எதிர்த்து நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு ஏரியில் என்ன முறை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நமது அன்பர் போன்றவர்கள் அடுத்துக் கையில் எடுக்கப்போவது அதைத்தான்.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன் நன்றாகப் படும் இடங்கள் பாடுகள். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலைபோடுவது என்பதைக் கிராமம் கூடி முறைவைத்துத் தீர்மானிக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை மட்டமான இடம். சுற்று திரும்பும்போது எல்லோருக்கும் எல்லாம் வரும். ஆய்வாளர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், பாராட்டி. பாராட்டத் தக்கதுதான். பணம் படைத்தவன் ஏரியை வளைத்துக்கொள்ள முடியாமல் அது தடுத்திருக்கிறது. யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. பட்டியலில் தலைக்கட்டாகப் பெயர் இருந்தால் ஏரியில் இடம் உண்டு.

ஆனால் பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது? குறிப்பிட்ட குப்பங்களில் பட்டினவர் குடியில் ஆணாகப் பிறந்து, மணமாகி, வரி கட்டி. வலைபோடுவதில் கெட்டிக்காரனா என்று யாரும் பார்ப்பதில்லை. அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண் எவ்வளவு திறமைசாலியானாலும் பட்டியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பாட்டில் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று பிற சமூகத்து மீனவர்கள் கேட்டதும் அதனால் எழுந்த பிணக்குகளும் பழவேற்காட்டின் நவீன வரலாற்றில் ஒரு நீண்ட அத்தியாயம். நான் பாட்டு முறையைக் குறைகூறவில்லை. ஒரு பொதுச்சொத்தைப் பிழைக்கவைத்த ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏரிக்கரையின் தர்க்கத்தைக் கன்டெய்னர் யார்டின் கேட்டில் கொண்டுவந்து வைத்து ‘யாரோட ஆள்?’ என்று கேட்கும்போது நடப்பது வேறு. பாட்டில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தவுடன் உரிமை பிறக்கிறது. யார்டில் கடன் பிறக்கிறது. சிபாரிசு செய்தவருக்கு நன்றி, ஒப்பந்தக்காரருக்கு முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு, தேர்தல் வந்தால் வாக்கு, சங்கம் என்று யாராவது பேசினால் ‘உன்னைச் சேர்த்துவிட்டவர் முகத்துக்காகவாவது’ என்ற ஒரு வாக்கியம்.

சான்று என்பது விலங்காகவும் இருக்கலாம் என்று தமிழனுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கங்காணி தன் ஊரிலிருந்து, பெரும்பாலும் தன் சொந்தபந்தத்திலிருந்து, முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக் கூட்டிவருவார். அந்தக் கடன் ஆட்களின் தலையில். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதித் தருவார்: இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்தக் கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டுவார். கடன் புதிய தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறும். வேலைத்திறன், நடத்தை எதுவும் அதில் இல்லை. விலை மட்டும் இருந்தது. 1921இல் ஒரு சட்டத்தால் துண்டு முறையை ஒழித்தார்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை இன்னொரு முறை படிக்கிறவர்கள் இந்தக் காகிதத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

துண்டு ஒழிந்தது, அதன் பேரன் வளைகுடாவில் பிறந்தான். அங்கே வேலை மாறப் பழைய முதலாளியின் ஆட்சேபமின்மைச் சான்று தேவைப்பட்டது. கத்தார் 2020இல்தான் அந்தத் தேவையைச் சட்டத்திலிருந்து நீக்கியது. ராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் அந்த மூன்றெழுத்துச் சான்றுக்காக ஆண்டுகளைத் தொலைத்தவர்களைத் தேடவேண்டியதில்லை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். கங்காணியும் ‘நம்ம ஊர் ஆள்’தான். வளைகுடாவுக்கு அனுப்பிவைத்த முகவரும் ‘நம்ம ஊர் ஆள்’தான். அந்த நெருக்கத்தை ஒரு மதிப்பீடாகக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் அதற்குக் கொடுத்த வட்டியையும் சேர்த்துப் பேசவேண்டும்.

அன்பர் தம் பேச்சில் வள்ளுவரையும் சாட்சிக்கு அழைத்தார். வள்ளுவர் அங்கே வசதியான சாட்சி அல்லர். ஒருவரைத் தெளிந்து வேலையில் அமர்த்துவதைப் பற்றி அவர் இரண்டு அதிகாரங்கள் செய்திருக்கிறார், 51உம் 52உம். 51ஆம் அதிகாரத்தின் இரண்டாம் குறள் நற்குடிப் பிறப்பை நம்பிக்கைக்குரிய தகுதிகளுள் ஒன்றாக முதலில் வைக்கிறது. அதே அதிகாரத்தின் ஐந்தாம் குறள், ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செய்கையே உரைகல் என்கிறது. இரண்டும் வள்ளுவருடையவைதாம், மூன்று குறள் தொலைவுதான் இடையில். நாம் ஈராயிரம் ஆண்டுகளாக இரண்டாவதை நடைமுறையாகவும் ஐந்தாவதை மேடைப்பேச்சாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சிபாரிசு எல்லாமே இழிவு என்று நான் சொல்லவில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைச் சொன்னார். திருவாவடுதுறை ஆதீனத்திடம் பேசி அவரை விடுவித்து அழைத்தும் வந்தார். அந்தப் பரிந்துரை இல்லையென்றால் பிற்காலத்தில் சிந்தாமணியும் சிலம்பும் எந்தக் கைக்குப் போயிருக்குமோ. ஆனால் அங்கே நடந்ததைப் பாருங்கள். சொன்னவர் அந்தத் தொழிலையே செய்தவர். சொல்லப்பட்டவரின் புலமையை நேரில் அறிந்தவர். சொன்னதோடு நிற்கவில்லை, கல்லூரியில் இருந்தவர்கள் பாடல்களுக்குப் பொருள் கேட்டும் செய்யுள் இயற்றச் சொல்லியும் சோதித்துவிட்டே எடுத்தார்கள். பரிந்துரை கதவைத் தட்டியது, திறந்தது புலமை. ‘யாருடைய ஆள்’ என்பதற்கு அங்கும் விடை இருந்தது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று. அது பிறப்பைச் சொல்லும் விடை அல்ல, பயின்ற பள்ளியைச் சொல்லும் விடை.

அதற்கும் பின்னால் போனால் இன்னும் ருசியான ஒன்று இருக்கிறது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படையை விட்டுவிடுவோம், அதன் தலைவன் கடவுள். மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வாடி வரும் கலைஞனிடம், இன்னாரிடம் போ, வழி இது, அவன் இப்படி வரவேற்பான், இன்னது தருவான் என்கிறான். முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் சான்று அல்ல இது. தொழிலாளி முதலாளிக்குக் கொடுத்த சான்று. எந்த வீட்டில் சோறு உண்டு, எந்த வீட்டுக்குப் போகாதே என்பதைப் பாடும் கூட்டம்தான் பேசித் தீர்மானித்தது. தமிழ்ப் பண்பாட்டில் சான்றுக்கு ஒரு தனித்தன்மை இருந்ததென்றால் அது இந்தத் திசைமாற்றம்தான். அதை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. சொன்னால், நம் பெருமைமிக்க நிறுவனங்களைப் பற்றிக் காட்டூர் இளைஞர்கள் எழுதும் ஆற்றுப்படை எப்படியிருக்கும் என்ற கேள்வி வந்துவிடும்.

காகிதம் பொய் சொல்லும் என்பார்கள். சொல்லும். நானே எழுதினேனே. ஆனால் காகிதத்தின் பொய்யைக் கையில் பிடித்துக் காட்டலாம். சென்னையில் என் உறவினர் ஒருவரின் வீட்டில் பதினொரு ஆண்டுகள் சமையல் செய்த அம்மாள், மகளோடு பொன்னேரிப் பக்கம் போய்விட முடிவுசெய்து, ‘நான் இங்கே வேலை பார்த்தேன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா’ என்று கேட்டார். வீட்டம்மாளுக்கு ஒரே வியப்பு. ‘உனக்கெதுக்கு அதெல்லாம்? எங்களைக் கேட்கச் சொல், நான் சொல்றேன்.’ கெட்ட மனம் கொண்டவர் அல்லர். புடவையும் பணமும் கொடுத்து அனுப்பினார். எழுதித் தரமாட்டார். எழுதிவிட்டால் பதினொரு ஆண்டுகளுக்கான வேறு கணக்குகளும் கேட்கப்படுமோ என்ற அச்சம் அவருக்கே தெரியாமல் அவருள் இருந்தது. ஆக, அந்த அம்மாளின் பதினொரு ஆண்டுகள் ஒரு தொலைபேசி எண்ணில் குடியிருக்கின்றன. வீட்டம்மாள் எடுத்தால் உண்டு. அவர் மறந்தால், அல்லது அன்று கோபத்தில் இருந்தால், இல்லை.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. வேலை செய்தார், இன்ன வேலை, இத்தனை நாள். இதை எழுதிக் கொடுப்பது தயவல்ல, கூலியின் ஒரு பகுதி. நிரந்தரத் தொழிலாளிக்கு 1946இல் ஒப்புக்கொண்டதை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் இறால் பண்ணையில் நின்றவருக்கும் ஒப்புக்கொள்ளவேண்டும். கம்பெனிப் பெயர் எத்தனை முறை மாறினாலும் வேலை நடந்த இடத்தின் உரிமையாளர் அதில் கையெழுத்திட வேண்டும். புகழ்ச்சி வேண்டாம். ஜெர்மானிய அடைமொழிகள் வேண்டவே வேண்டாம்.

காட்டூருக்குப் பங்குனியில் மறுபடி போனேன். முதல் கடிதம் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் இப்போது மாமனுடன் ஏரிக்குப் போகிறார். ஓர் இரவு படகில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே நீரின் நிறத்தைக் கொண்டு ஆழம் சொன்னார். வலையில் எடை ஏறியதும் யார் எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று இரண்டே சொற்களில் நால்வரையும் நகர்த்தினார். கரைக்கு வந்ததும் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பங்கு பிரித்தார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. சூப்பர்வைசர் வேலைக்கு இதைவிட என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை. பழைய கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று எழுதினேன். இவரை எனக்கு நாற்பது நாட்களாகத் தெரியும் என்று தொடங்கி, நான் கண்ணால் கண்டதை மட்டும், ஒரு முழுப் பக்கம். நான்கு நுழைவு அட்டைகளையும் நகலெடுத்து அதனுடன் இணைத்து, நான்கும் ஒரே கேட்டுக்குரியவை என்றும் எழுதினேன்.

அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். “நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா சீல் இல்லையே. சீல் இல்லாம வாங்க மாட்டாங்க.”

என் முத்திரை ஓய்வுபெற்ற அன்றே அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, பொன்னேரியில் ஒரு கடை இருப்பதாகவும் எந்தப் பெயர் சொன்னாலும் ஒரு மணி நேரத்தில் செய்து தந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.